முதல் அரைவை

மக்காச்சோளத்தை வறுக்கும்போது அடுப்பைத் தணித்தே வைக்க வேண்டும், சார். தீ கூடினால் மேல்தோல் கருகிவிடும், உள்ளே பச்சை வாடை அப்படியே நிற்கும். சத்துமாவு வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கேழ்வரகையும் பாசிப்பயறையும் யார் வேண்டுமானாலும் வறுத்துவிடலாம். மக்காச்சோளத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிற பொறுமை வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை உண்டு.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது அதிகம் இல்லை. வரதராஜன்பேட்டையிலிருந்து வெளியே போகும் சாலையில், எங்கள் முந்திரித் தோப்பை ஒட்டி இருக்கும் என் யூனிட்டுக்கு நீங்களே பல முறை வந்திருக்கிறீர்கள். வாசலில் கை கழுவும் தொட்டி, உள்ளே தலைக்குத் தொப்பி, பல்லி நுழையாதபடி ஜன்னலுக்கெல்லாம் வலை. போன வருஷம் அரியலூரில் உங்கள் உணவுப் பாதுகாப்புத் துறை வைத்த கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "ஜெயசித்ரா மேடம் யூனிட்டைப் போய்ப் பாருங்க, சுத்தம்னா என்னன்னு தெரியும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரைக்கும் ஊரில் நான் குருநாதன் பெண்டாட்டி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெரம்பலூர்க் கடைக்காரர்கள்கூட என் பெயரைச் சொல்லி மாவு கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் நீங்கள் பூசணம் பிடித்த தானியத்தின் படங்களைக் காட்டினீர்கள். ஈரத்தில் கிடந்த மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் ஒரு நஞ்சு உண்டாகும், கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, ஈரலைத்தான் போய்த் தாக்கும், சின்னப் பிள்ளைகள் தாங்காது என்றீர்கள். நான் எழுந்து, "நல்லா வறுத்துட்டா போயிடுமா சார்?" என்று கேட்டேன். "போகாதும்மா. வாடைதான் போகும், விஷம் போகாது" என்றீர்கள். நல்ல கேள்வி கேட்டதாக என்னைப் பாராட்டவும் செய்தீர்கள். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்சவள்ளியைப் பார்த்திருப்பீர்கள். சலித்த மாவை எடை போடும் மேசையில் நிற்பாள். ஒல்லியாக, நெற்றியில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். தோப்புக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. அவள் மாமனார் எங்கள் வயலில் வேலை பார்த்தவர். புருஷன் அங்கமுத்து ரெட்டிபாளையத்துப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தத்தில் மூட்டை ஏற்றுகிறான், வாரத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவான். ஒரே பிள்ளை, தமிழ்மொழி. பள்ளிக்கூடம் சேர்த்து முதல் வருஷம்.

முதல் முறை நான் கொடுக்கவில்லை, அவளாகத்தான் கேட்டாள். அது அந்தக் கூட்டத்துக்கும் முந்தின வருஷம். வந்திருந்த மக்காச்சோளத்தில் இரண்டு மூட்டையில் லேசாக மக்கின வாடை அடித்தது. அரைத்துப் பார்த்துவிட்டு, விற்பதா வேண்டாமா என்று யோசித்து ஒரு டப்பாவில் தனியாக வைத்திருந்தேன். அம்சவள்ளி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இத கடைக்கு அனுப்பலன்னா நான் எடுத்துட்டுப் போவட்டா? பாப்பாவுக்குக் கஞ்சி வச்சுக் குடுப்பேன்" என்றாள்.

"வாடை அடிக்குதேடி."

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. வெல்லம் போட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

எடுத்துப் போனாள். ஒரு வாரம் போனது, பத்து நாள் போனது. பிள்ளை பால்வாடிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். நான் மீதி மாவைப் பாக்கெட் போட்டு அனுப்பிவிட்டேன். எந்தக் கடையிலிருந்தும் புகார் வரவில்லை.

அப்போது என் மனதில் திட்டம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த முறை சரக்கில் சந்தேகம் வந்தபோது, முதல் அரைவையில் ஒரு டப்பா எடுத்து அவளிடம் நானே கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். காலையில் அவள் உள்ளே வந்ததும், "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்பேன். "நல்லா இருக்குறாக்கா" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் பாக்கெட் போடும் மிஷினைப் போடச் சொல்வேன். மற்றப் பெண்களுக்கு இது தெரியாது. அவர்கள் கண்ணுக்கு, முதலாளியம்மாவுக்கு அம்சவள்ளி பிள்ளைமேல் தனிப் பாசம். அம்சவள்ளியும் அப்படித்தான் நினைத்தாள். ஆயுத பூஜைக்கு அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்து என் காலில் விழச் சொன்னாள். நான் தூக்கி நிறுத்தி, கன்னத்தைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணின் வெள்ளையையும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பியிருக்கலாம். வழியெல்லாம் நீங்களே சொல்லித்தந்திருந்தீர்கள். ஆனால் அங்கிருந்து பதில் தாளில் வரும். தாளில் வந்துவிட்டால், தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. சரக்கை அழித்தே ஆக வேண்டும். அம்சவள்ளி வீட்டிலிருந்து வரும் பதிலுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. இப்படி யோசித்தேன் என்று சொல்லவே எனக்குக் கூசுகிறது. ஆனால் யோசித்தது இப்படித்தான்.

என் மகள் முத்தமிழைப் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை. அவளுக்கு அனுப்பும் மாவுக்கு எங்கள் வயலில் விளைந்த மக்காச்சோளத்தை நான் தனியாகக் காயவைத்து, கையால் பொறுக்கி, வீட்டு மிக்ஸியில் அரைத்துக் கொடுப்பேன். "யூனிட்டுலதான் மூட்டை மூட்டையா அரைக்கிறியே, எதுக்கும்மா இப்படிக் கஷ்டப்படுற?" என்று ஒரு முறை கேட்டாள். பேத்திக்கு என் கையால் செய்தால்தான் எனக்குத் திருப்தி என்றேன். சொல்லும்போது அது எனக்கே உண்மை மாதிரி இருந்தது.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன். தை மாதம் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் அறுத்து ரோட்டில் காயப்போட்டிருந்த மக்காச்சோளம் முழுக்க நனைந்துபோனது. அந்தச் சமயத்தில்தான் இரண்டு மாவட்டத்திலும் கடை வைத்திருக்கும் ஒரு கம்பெனி எனக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தது. குழந்தைகளுக்கான சத்துமாவு, பாக்கெட்டில் என் யூனிட்டின் பெயரே இருக்கும். மாசிக் கடைசியில் சரக்கு போய்ச் சேர வேண்டும். நல்ல மக்காச்சோளம் எங்கேயும் கிடைக்கவில்லை.

தானிய வியாபாரி மணிவேல் ஒரு மினி லாரியில் மூட்டைகளோடு வந்தான். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அக்கா, நனைஞ்ச சரக்கு இது. தீவனக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். டெஸ்டு பண்ணிப் பார்த்துட்டு வேணாம்னு திருப்பிட்டாங்க."

"கோழிக்கே வேணாம்னுட்டாங்களா?"

"கோழி செத்தா அவனுக்குல்ல நட்டம். உங்களுக்கு வேணும்னா பாருங்க. இல்லன்னா ஸ்டார்ச்சு கம்பெனி எதுக்காச்சும் தள்ளிவிட்டுடறேன்."

நான் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மணிகளின் முனையில் பச்சையும் கறுப்புமாகப் பொடி படிந்திருந்தது. நீங்கள் காட்டிய படத்தில் பார்த்தது போலவேதான் இருந்தது. இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் வேறு மாவட்டத்திலிருந்து நல்ல சரக்கு வந்திருக்கும். ஆர்டர் கொடுத்தவர்களிடம் தவணை கேட்டிருந்தால் கொடுத்தும் இருப்பார்கள். ஆனால் முதல் ஆர்டரிலேயே தவணை கேட்க எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. இறக்கச் சொன்னேன்.

பெண்களை உட்காரவைத்துக் கறுத்த மணிகளைப் பொறுக்கினோம். கழுவினோம், காயவைத்தோம். நானே அடுப்பருகில் நின்று வறுத்தேன். வாடை சுத்தமாகப் போய்விட்டது. ஏலக்காய் சேர்த்து அரைத்தபோது கொட்டகையே மணத்தது. முதல் அரைவையை டப்பாவில் எடுத்து அம்சவள்ளியிடம் கொடுத்தேன்.

இங்கேதான் ஒன்று செய்தேன். வழக்கமாக அந்தப் பிள்ளை காலையில் ஒரு வேளை கஞ்சி குடிப்பாள். இந்த முறை எனக்கு நாள் இல்லை. சீக்கிரம் தெரிந்தாக வேண்டும். அதனால், "பாப்பா மெலிஞ்ச மாதிரி இருக்கா அம்சா, ரெண்டு வேளையும் குடு. தீந்தா சொல்லு, இன்னும் தரேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோனது. "உங்களுக்கு இருக்குற அக்கறை அவ அப்பனுக்கு இல்லக்கா" என்றாள்.

டப்பா தீர்ந்து இன்னொன்றும் வாங்கிப் போனாள். நான் தினமும் விசாரித்தேன். முதலில் நன்றாக இருக்கிறாள் என்றாள். பிறகு ஒரு நாள், "சோறு எறங்க மாட்டேங்குதுக்கா, கஞ்சிய மட்டுந்தான் குடிக்கிறா" என்றாள். அதற்கு அடுத்த வாரம் வாந்தி என்றாள். வயிறு லேசாக உப்பியிருக்கிறது என்றாள். பிள்ளைகளுக்கு வருவதுதானே என்று பக்கத்தில் இருந்த பெண்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் பாக்கெட் போடும் மிஷினைப் போடச் சொல்லவில்லை. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டது என்று சொல்லி நிறுத்திவைத்தேன். ஆக, எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்து, கேட்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று யூனிட்டில் வேலை பார்க்கும் ஜானகி வந்து சொன்னாள். நான் பழமும் ஒரு போர்வையும் வாங்கிக்கொண்டு மத்தியானம் போனேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. நான் உட்கார்ந்திருக்கும்போதே இளம் டாக்டர் ஒருவர் வந்தார். பிள்ளை வழக்கமாக என்னவெல்லாம் சாப்பிடுவாள், நாட்டு மருந்து ஏதும் கொடுத்தீர்களா, வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டார். அம்சவள்ளி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோறு, ரசம், இட்லி, சத்துமாவுக் கஞ்சி.

"சத்துமாவு எங்க வாங்குனது?" என்றார் டாக்டர்.

அம்சவள்ளி என்னைக் காட்டினாள். "இந்த அக்கா யூனிட்டு மாவு சார். கவர்மெண்டுல மேடையேத்திப் பாராட்டுனாங்க. அதுல ஒண்ணும் இருக்காது."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கிற பார்வை. நான் வாயைத் திறந்திருந்தால் அந்த நிமிஷமே அவருக்கு வழி தெரிந்திருக்கும். "பாப்பாவுக்குச் சரியாயிடுமா சார்?" என்று மட்டும் கேட்டேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்சவள்ளி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியைத் திறந்தபோதே ஏலக்காய் வாசம் வந்தது. ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பிள்ளை துப்பிவிடுகிறாள், அதனால் வீட்டில் இருக்கும் அதே மாவில் காய்ச்சி எடுத்துவரத் தம்பியிடம் சொன்னேன் என்றாள். டம்ளரில் ஊற்றினாள். தமிழ்மொழி சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தாய் தோளைத் தொட்டதும் திரும்பினாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"சூடா இருக்கு அம்சா. ஆத்திக் குடு" என்றேன் நான்.

அவள் டம்ளரை மாற்றி மாற்றி ஆற்றினாள். அந்த நேரம் முழுக்க என் கை மடியில் சும்மாதான் இருந்தது. தட்டிவிட்டிருக்கலாம். கைதவறியது போலக் கொட்டியிருக்கலாம். காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை பாதி டம்ளர் குடித்தாள். நான் அவள் வாயைத் துடைத்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று சொல்லி எழுந்தேன்.

அன்று சாயங்காலமே தோப்பில் குழி வெட்டச் சொல்லி, அரைத்த மாவு, அரைக்காத மூட்டை எல்லாவற்றையும் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினேன். வண்டு விழுந்துவிட்டது என்று பெண்களிடம் சொன்னேன். ஆர்டர் கொடுத்தவர்களிடம் தவணை கேட்டேன். உடனே கொடுத்தார்கள். ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை.

அம்சவள்ளி வீட்டில் இருந்த டப்பாவை மட்டும் நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பாள்.

பிள்ளை அந்த வாரமே போய்விட்டாள்.

சாவு வீட்டுக்குப் போனேன். காலனிக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. போனதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அங்கமுத்து ஆலையிலிருந்து போட்ட துணியோடு வந்திருந்தான், தலைமுடியெல்லாம் சிமெண்ட். அவன் எழுந்து எனக்குக் கும்பிட்டான். அம்சவள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். "இந்த அக்கா குடுத்த மாவுதான், எம்புள்ளைக்குக் கடைசியா தொண்டையில எறங்குனது. வேற எதையும் வாங்கல. அதையாச்சும் குடிச்சிட்டுப் போனாளே."

அங்கே இருந்த பெண்கள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சார், என்னை யாராவது காறித் துப்பியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்தக் கும்பிடு இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வருகிறது. கண்ணாடி முன்னால் பொட்டு வைக்க நின்றால் வருகிறது. என் வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று பல முறை வாயெடுத்தேன். அவர் என் யூனிட்டுக்கு வாங்கிய புது போர்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அப்போதும்கூட நான் உங்களிடம் வரவில்லை. வந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். போன திங்கட்கிழமை புதுச் சரக்கு வந்தது. மணிவேல் இல்லை, வேறு ஆள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூட்டையில் மட்டும் அடியில் லேசான ஈரம். வறுத்து அரைத்தோம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். அம்சவள்ளியின் மேசை காலியாக இருந்தது. நான் அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தேன். யார் யார் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று என் மனசு தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போயிற்று. ஜானகி வீட்டில் பால்வாடி போகிற பெண் ஒன்று.

"ஜானகி, உன் பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. வெட்கப்பட்டுச் சிரித்தாள். "நல்லா இருக்குறாக்கா" என்றாள். என் கையில் டப்பா இருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது மாவை அள்ளிப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டுக்குப் போனேன். மறுநாள் அம்சவள்ளியிடம் போய், மிச்சம் இருந்த மாவைக் கேட்டேன். பிள்ளை குடித்த டப்பா என்று சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். தர மனசில்லாமல் தந்தாள். இதோ, இந்தப் பையில் இருப்பது அதுதான். நீங்கள் முறைப்படி சோதனைக்கு அனுப்புங்கள். இந்த முறை பதில் தாளிலேயே வரட்டும்.

அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என்னால் முடியாது. போலீஸில் எதை வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், ஆனால் அவள் முன்னால் மட்டும் என்னை நிறுத்தாதீர்கள்.

நடந்தது முழுக்கச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையைக் கொன்றது நான்தான். இதில் மாற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பெயரோடு உங்கள் துறையின் பெயரும் இருக்கிறது, யூனிட்டில் இத்தனை பெண்களின் பிழைப்பு இருக்கிறது. அந்தச் சரக்கில் ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை, சார். என் மாவை நம்பி வாங்குகிற எந்த வீட்டிலும், எந்தப் பிள்ளைக்கும், இன்றுவரை ஒன்றும் ஆனதில்லை.